உறையாத தயிர்

காலிப் பால் கேனோடு தயிர்க்கடை ஜஹபர் நிஷா ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே ஏதோ தப்பு என்று தனக்கொடிக்குத் தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குத் தயிர் அனுப்ப வேண்டிய நாளில், கடையை விட்டுவிட்டு அந்த அம்மாள் வீடு தேடி முதலியார்பேட்டைக்கு வரமாட்டாள்.

“உறையலடி தனக்கொடி. அண்டா அண்டாவா தண்ணியா நிக்குது.”

வீட்டை ஒட்டிய காலி மனையைக் குத்தகைக்குப் பிடித்து மாடுகளுக்கு நேப்பியர் புல்லும் இடையிடையே வேலிமசால் தீவனச் செடியும் போட்டவள் தனக்கொடிதான். முற்றுவதற்குள் பாத்தி பாத்தியாக அறுத்துப் போட்டாள். தீவன மூட்டை வாங்குவது குறைந்தது, இரண்டு மாடுகளின் பாலும் நன்றாக இருந்தது. அவ்வளவையும் நிஷாவின் தயிர்க்கடை எடுத்துக்கொண்டது. அந்த வாடிக்கை போனால் மாடுகளை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவளும் புருஷன் கலியமூர்த்தியும் முன்பே பேசியிருந்தார்கள்.

கலியமூர்த்தி முந்திக்கொண்டான். “உங்க உறைமோரு பழசாயிருக்கும் பாயம்மா.”

“அதே மோரு பாக்கெட் பால்ல கல்லு மாதிரி உறைஞ்சிருக்கே, அதுக்கு இன்னா சொல்ற?”

தனக்கொடி அவனைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனாள். செவலை மாட்டுக்கு மடிநோய். டாக்டர் ஊசி போட்டு, மருந்து இறங்கும்வரை அந்தப் பாலை யாருக்கும் தராமல் கொட்டிவிடச் சொல்லியிருந்தார். சேதராப்பட்டில் தான் வேலை பார்க்கும் கம்பெனியின் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் அவள் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“கொட்டுனியா இல்லியா?”

“பாலப் போயி மண்ணுல கொட்டுவாங்களா? மடி வத்திப்பூடும்டி. நல்ல மாட்டுப் பால்ல கலந்துட்டேன். கலந்தா தெரியாதுன்னு நெனச்சேன்.” அவன் குரல் இறங்கியது. “மோருதான் கெட்டுப்போச்சின்னு நீயும் சொல்லு. நம்பிடும்.”

தனக்கொடி திரும்பி வந்தாள். “நிஷாக்கா, ஊசி போட்ட மாட்டுப் பாலு கலந்துபோச்சி, அந்த மருந்துதான் உறைய விடல. தப்பு எங்களுதுதான். அதக் கொழந்தைங்களுக்குக் குடுத்துடாதீங்க.”

நிஷா கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

“சொன்னியே, அதுவே பெருசு. ஆனா நீ கம்பெனிக்குப் போனப்புறம் கேன்ல இன்னா ஊத்துறாருன்னு யாரு பாக்குறது?”

கம்பெனி வேலையை விட்டால் தனக்கொடியால் குத்தகை கட்ட முடியாது. விடாவிட்டால் கறப்பது அவன்தான். கேனை வாசலிலேயே வைத்துவிட்டு நிஷா ஆட்டோவில் ஏறினாள்.

“வாய மூடிக்கினு இருந்திருந்தா வாடிக்க போயிருக்காது” என்றான் கலியமூர்த்தி.

“போயிருக்காது” என்றாள் அவள். அது உண்மைதான்.

மனையில் புல் அறுக்கும் பதத்தில் நின்றது. அவள் அரிவாளைத் தேடவில்லை. மாட்டுத் தரகர் கோவிந்தசாமிக்கு போன் போட்டு, இரண்டு மாடுகளையும் விற்க வேண்டும் என்றாள்.

“ஓட்டிக்கினு போறேம்மா. சீக்கு கீக்கு ஒண்ணுமில்லியே?”

“செவலைக்கு மடிநோய். ஊசி போட்டிருக்கு.”

தரகர் சிரித்தார். “இதெல்லாம் வெளிய சொன்னா எவன்மா வாங்குவான்? கறிக்குத்தான் கேப்பான்.”

அவள் போனைக் காதில் வைத்தபடியே செவலையின் பக்கம் திரும்பினாள்.