ஒரே ஷூவில் இரண்டு சிப்

எனக்கு எளிதில் அருவருப்பு வராது. பதினெட்டு வருடமாக மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் சிறுநீர், மலம், சளி, சீழ் என்று ஊரார் உடம்பிலிருந்து என்னென்ன வருமோ அத்தனையும் என் மேசைக்கு வந்து சேரும். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கையைக் கழுவிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவேன். "அக்காவுக்கு மூக்கை அழகுக்குத்தான் வெச்சிருக்கு" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

அப்பேர்ப்பட்ட எனக்கு, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற நல்ல ஹோட்டல் அறையில், சலவை மணம் மாறாத விரிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. காரணம் என் கணவர்.

அவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஓட்டக் குழுவில் அவருக்குப் 'புயல்' என்று பட்டப்பெயர். யார் வைத்தது என்று கேட்டால் மழுப்புவார். அவரே வைத்துக்கொண்டதுதான் என்பது என் சந்தேகம். பதினாறாவது கல்யாண நாளுக்கு "ரெண்டு நாள் கடற்கரை, நீயும் நானும் மட்டும்" என்று சொன்னபோது நான் குளிர்ந்துதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே தம்பதிகளுக்கான பத்து கிலோமீட்டர் பந்தயம் இருக்கிறது என்பது பெட்டி கட்டும்போதுதான் தெரிந்தது. அதற்கும் நான் முகம் சுளிக்கவில்லை. நானும் ஓடுகிறவளாகியிருந்தேன்.

என் ரத்தத்தை நானே பரிசோதித்து, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதைப் பார்த்த அன்று தொடங்கியது அது. முதல் வாரம் தெருமுனை வரைக்கும்தான். நாய்கள்கூடத் துரத்தவில்லை, பாவம் பார்த்திருக்கும். ஆறு மாதத்தில் பத்து கிலோமீட்டரை ஒரு மணி முப்பத்திரண்டு நிமிடத்தில் ஓட வந்துவிட்டது. ஒன்றரை மணிக்குள் முடிக்க வேண்டும், அந்த நேரம் என் பெயருக்கு நேரே அச்சாகி வர வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நாள் முழுக்க அடுத்தவர் பெயரில் ரிப்போர்ட் அடிக்கிறேன். என் பெயரில் இதுவரை வந்தது அந்தச் சர்க்கரை ரிப்போர்ட் மட்டுமே.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்து பாதத்துக்கு வாசலின் தடவிக்கொண்டிருந்தார். பெருவிரல் நகம் கறுத்து, பாதி பெயர்ந்து நின்றது. அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு அதே கையால் தட்டிலிருந்து திராட்சை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் பார்த்தது அவருடைய வலது ஷூவை. அதன் நாடாவில் இரண்டு சிப் கட்டியிருந்தது.

சிப் என்பது ஓடுகிறவர் ஷூவில் கட்டிக்கொள்கிற சின்ன வில்லை. பாதித் தூரத்திலும் முடிவுக்கோட்டிலும் ஒரு பாய் விரித்திருப்பார்கள். அதை மிதித்தால் உங்கள் நேரம் தானாகப் பதிவாகும். ஆளுக்கு ஒன்று.

"என்னோடதை ஏங்க உங்க ஷூவுல கட்டியிருக்கீங்க?"

"உக்காரு, சொல்றேன்." போனில் வரைபடத்தைத் திறந்தார். "தம்பதிப் போட்டியில ரெண்டு பேரும் கை கோத்துக் கோட்டைத் தாண்டணும். நீ ரெண்டாவது கிலோமீட்டர் வரைக்கும் கூட்டத்தோட வா. அங்க ஒரு மீன் குடோன், பக்கத்துல சந்து. அதுல நுழைஞ்சா நேரா எட்டாவது கிலோமீட்டர். ஆற அமர நடந்து வந்தாப் போதும். கடைசித் திருப்பத்துல நடமாடும் கழிப்பறை வரிசையா நிக்கும், அதுக்குப் பின்னாடி நான் இருப்பேன். கையப் பிடிச்சோம், முடிச்சோம், கப்பு நம்மளுது."

"நான் முழுசா ஓடுவேங்க. ஆறு மாசமா ஓடறேனே."

"நீ ஓடறது உடம்புக்கு. இது போட்டி."

சொல்லிவிட்டுத் திராட்சை விதையைத் துப்பினார்.

எங்கள் கூடத்தில் கண்ணாடி உடைந்தால் மன்னிப்பு உண்டு, கருவி நின்றுபோனால் மன்னிப்பு உண்டு. ஒருவர் குடுவையில் இன்னொருவர் பெயரை ஒட்டினால் மட்டும் மன்னிப்பே கிடையாது. எவ்வளவு அவசரமானாலும் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். இங்கே, கோட்டுக்கு வெளியே கால் பட்ட பிள்ளைகளை விசிலடித்து வெளியேற்றுகிற மனிதர், என் பெயரைத் தன் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலியே பயிரை மேய்கிற கதை. எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது, திறந்தால் வாந்திதான் வந்திருக்கும். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் விளக்கை அணைத்தார்.

காலையில் அவிழ்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் புயல் கரை கடந்துவிட்டது. தொடக்கக் கோட்டிலும் அவர் முன்வரிசை, நான் கடைசி வரிசை.

இரண்டாவது கிலோமீட்டரில் மீன் குடோன் வந்தது, சந்தும் வந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பொய் சொல்வானேன், கால் ஒரு நொடி தயங்கியது. பதினாறு வருடமாக அவர் காட்டிய சந்துகளில் நுழைந்தே பழகிய கால். பல்லைக் கடித்துக்கொண்டு நேரே ஓடினேன்.

ஐந்தாவது கிலோமீட்டர் பாய் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏழாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டது. எட்டாவதில் மூச்சு சீரானது. உப்புக்காற்று, நனைந்த முதுகு, முன்னால் ஓடிய பெரியவர் ஒருவரின் கிழிந்த பனியன். ஓட்டம் முழுக்க என்னுடையதாக இருந்தது. அத்தனை சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

கடைசித் திருப்பத்தில் கழிப்பறைகளுக்குப் பின்னாலிருந்து அவர் வெளியே பாய்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? அரை மணிக்கு மேல இந்த நாத்தத்துல நிக்கறேன்!"

"ஓடிட்டு வர்றேங்க."

"முழுசாவா?" அவர் முகம் கோணியது. கெட்டுப்போன எதையோ மிதித்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார். "உனக்கு மூளை இருக்கா? கப்பு போச்சு. சரி, கையையாவது குடு. போட்டோ எடுப்பாங்க."

நீட்டிய கையைப் பார்த்தேன். பதினெட்டு வருடத்தில் எதை எதையோ தொட்டிருக்கிறேன். அந்தக் கையைத் தொட என்னால் முடியவில்லை. விலகி ஓடினேன். முடிவுக்கோட்டுக்கு மேலே பெரிய கடிகாரம் ஒரு மணி இருபத்தேழு நிமிடம் என்றது. நான் தாண்டினேன். அவர் என் பின்னாலேயே, இரண்டு சிப்போடும் தாண்டினார்.

சான்றிதழ் மேசையில் இருந்த பெண் ஒரு தாளை அச்செடுத்து நீட்டினாள். என் பெயர் அதில் இருந்தது. நேரே ஒரு மணி இருபத்தேழு நிமிடம். அதற்கு மேல் வரியில், பாதித் தூரம்: இருபத்து நான்கு நிமிடம்.

"முதல் பாதி பறந்திருக்கீங்க மேடம்! அப்புறம் என்ன ஆச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் குழைந்தார். "இவளுக்கு முட்டி பிடிச்சுக்கிச்சும்மா. விட்டுட்டு வர மனசு வருமா? மீதி தூரம் நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

வரிசையில் நின்றவர்கள் 'ச்சோ' என்றார்கள். ஒரு அம்மா கைகூடத் தட்டினாள். அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல் பாதி என்னோடது இல்லம்மா," என்றேன். "என் சிப் இவர் கால்ல இருக்கு. பாரு."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். வரிசையே எட்டிப் பார்த்தது. அவர் வலது காலை இடது காலுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேற்பார்வையாளர் வந்து ஷூவைப் பார்த்தார், மேசையிலிருந்த முடிவுப் பட்டியலை எடுத்து எங்கள் இரண்டு பெயருக்கும் குறுக்கே கோடு போட்டார். "விதி அப்படி. ரெண்டு பேரையும் நீக்கித்தான் ஆகணும். மன்னிச்சுக்கோங்க மேடம்."

"இப்ப திருப்தியா?" என்றார் அவர், கூட்டத்தைத் தாண்டி மணலுக்கு வந்ததும். "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்ட. உன் பேரும் சேர்ந்துதானே போச்சு?"

அது உண்மை. சுருக்கென்று தைத்தது. ஆறு மாதம் விடியுமுன் எழுந்து ஓடியதை எல்லாம் நினைத்து நின்ற இடத்திலேயே அழுதேன்.

அவர் இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். "சரி விடு, வா. பசிக்குது. ஹோட்டல்ல பத்து மணியோட டிபனை எடுத்து வெச்சிடுவாங்க."

பத்தடி போய்த் திரும்பினார். "வரலையா?"

"வரலை."

"சரி, சாப்பிட்டுட்டு ரூம்ல இருக்கேன். எப்ப வருவ?"

"ரூமுக்கும் வரலை."

அவர் சிரிக்கப் பார்த்தார். "அப்ப வீட்டுக்கு?"

அதற்கும் அதே பதில்தான் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.