தேய்த்த வெள்ளி

அப்பாவின் இடது கையைச் சட்டைக்குள் நுழைக்க அவள் மூன்றாவது தடவையாக முயன்றுகொண்டிருந்தாள். உயிர் போய் நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் முழங்கை மடங்க மாட்டேன் என்றது. உயிரோடு இருந்தபோதும் அந்தக் கை யார் பேச்சையும் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டாள். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த நேரத்தில் அம்மா எதைக் கழுவுகிறாள் என்று எரிச்சலாக வந்தது. சாவு வீட்டில் பாத்திரம் துலக்கியா ஆக வேண்டும்?

கூப்பிட்டுப் பார்த்தாள். குழாய் நிற்கவில்லை. சட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அம்மா தொட்டியின் மேல் குனிந்து நின்றாள். உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று பல்பொடி. பழைய பிரஷ் ஒன்றால் எதையோ சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, கை அது பாட்டுக்கு வேலை செய்தது. விரலிடுக்கில் வட்டமாக ஒன்று பளிச்சிட்டது. அது அப்பாவின் வெள்ளிக்காசு.

“அம்மா, என்ன பண்ற நீ?”

“கடைத்தெரு தராசு அண்ணன் பத்து மணிக்கு வர்றாராம். காட்டலாம்னுதான். இப்படிக் கன்னங்கரேல்னு இருந்தா எவன் வாங்குவான்?”

பழைய காசு பார்க்கிறவர்கள் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரிந்த பாடம், காசைத் தேய்க்கக் கூடாது என்பது. வெள்ளி காலகாலமாகக் கிடந்து வாங்கிய கருப்புதான் அதற்குத் தோல். அதை உரித்தால் மதிப்பும் கூடவே உரிந்துவிடும். அப்பா துணியால்கூடத் துடைக்க மாட்டார். அவரோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய அம்மா இந்த ஒன்றை மட்டும் காதில் வாங்கவே இல்லை. காசைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அதற்குக் காரணம் இருந்தது.

அந்தக் காசுக்காகத்தான் வீடு போனது. அவளுக்கு அப்போது எட்டு வயது. தெருவைப் பார்த்த கதவும் பின்னால் ஒரு எலுமிச்சை மரமுமாக, அம்மாவுக்குத் தாத்தா எழுதிக்கொடுத்த வீடு. ஒரு நாள் அப்பா காசைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உலகத்திலேயே இப்படி ஏழோ எட்டோதான் இருக்கின்றன, பத்து வருஷத்தில் இதே மாதிரி இரண்டு வீடு வாங்கலாம் என்றார். அம்மா கையெழுத்துப் போட்டாள். இந்த மூன்றாம் மாடிக்கு, இந்த இரண்டு அறைகளுக்கு வந்தார்கள். பத்து வருஷம் ஆனதும் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார் அப்பா. இருபதிலும் அதையே சொன்னார். பிறகு அவருக்குக் கண் போய்விட்டது. அம்மா மாடிப்படி ஏறி இறங்கி முட்டி தேய்ந்தாள். காசை வாய்க்கு வந்தபடி திட்டினாளே தவிர, அது ஒரு நாள் வீடாகத் திரும்பி வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அப்பாவின் கண்மேல் பழைய காசுக் கடைத்தெருவே அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தது. கட்டியவளுக்கு இருக்காதா?

காசு போலி. அது தெரிந்த ஒரே ஆள் அவள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் பார்வை மங்கிவிட்டபோது, அவருக்குக் கண்ணாக இருக்க, அவர் காசு பார்க்கிற மேஜையில் அவள் வந்து உட்கார்ந்தாள். எடை, விளிம்பு, எழுத்தின் கூர்மை என்று அவள் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் முடிவு சொல்வார். முதல் வாரமே அந்தக் காசை எடுத்துக் கொடுத்து ஆசையாகப் பார்க்கச் சொன்னார். இருபது வருஷமாக அவர் கட்டைவிரல் வருடிய இடத்தில் மட்டும் கருப்பு லேசாக விட்டிருந்தது. லென்ஸை அங்கே வைத்தாள். அச்சில் அடித்த வெள்ளி வழுவழுவென்று இருக்கும். இங்கே எழுத்துகளின் அடியில் ஊசியால் குத்தியது போல் குழிகள். வெள்ளியை உருக்கி ஊற்றும்போது காற்று அடைத்துக்கொண்டால் விழுகிற குழிகள். எவனோ வார்த்தெடுத்து, விளிம்பை அரத்தால் ராவி, மேலே கருப்பேற்றித் தலையில் கட்டியிருக்கிறான். தேய்க்கக் கூடாது என்ற விதியை உயிராக மதித்ததால்தான் அப்பா ஏமாந்தார். அந்தக் கருப்பின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்குக் கை துணியவில்லை.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

அந்த நாளை வரவே இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை அப்பா காசை எடுத்து நீட்டுவார். உருவத்தின் முடிக்கற்றை தெரிகிறது, விளிம்பு சுத்தம், தேய்மானம் குறைவு என்று அவள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். வேறு ஊரில் ஓர் ஏல நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டது. நல்ல வேலை. போகவில்லை. அவள் போனால் அந்த நாற்காலியில் இன்னொருவர் வந்து உட்காருவார், முதல் வாரமே காசு அவர் கைக்கும் போகும். கல்யாணப் பேச்சு வந்தபோதும் அப்பாவைத் தனியாக விட முடியாது என்றாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று தெருவே மெச்சியது. ஒரு பொய்க்குக் காவல் இருந்ததற்கு இவ்வளவு நல்ல பெயர் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இன்று விடியற்காலை அப்பாவின் மூச்சு நின்றபோது அழுகைக்கு முன்னால் வந்தது நிம்மதிதான். அதற்காகத் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. இனி அந்தக் காசைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைத்தாள். அம்மாவை அவள் யோசிக்கவே இல்லை.

இன்றைக்கு வேண்டாம், உள்ளே வை என்று கெஞ்சினாள். அம்மா காசைத் துணியில் ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அவர் இருக்கறவரைக்கும் அவர் பொருள். நான் கை வைக்கல. இனிமே எனக்குத் தரையில ஒரு கதவு வேணும். அவ்வளவுதான்.”

எதிர்வீட்டு அம்மாள் வந்து கைகொடுத்ததில் சட்டையைப் போட்டு முடித்தாகிவிட்டது. பத்து மணிக்குத் தராசு வந்தார், கூட நாலைந்து வியாபாரிகள். காசை உள்ளங்கையில் வைத்தே எடை சொல்லிவிடுவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அப்பாவுக்கு அடுத்தபடி கடைத்தெருவில் எடுபடுவது அவர் சொல்தான். அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். இவர் ஒரு காசு நல்லது என்றால் நாங்கள் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டோம் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். அவள் போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அம்மா உதறிவிட்டாள்.

“அண்ணே, இத நீங்கதான் நல்ல ஆளாப் பாத்துக் குடுக்கணும்.”

தராசு வாங்கி உள்ளங்கையில் வைத்தார். கை ஒரு தடவை ஏறி இறங்கியது. உடனே லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பல்பொடி தன் வேலையைக் குறை வைக்காமல் செய்திருந்தது. மறைத்துக்கொள்ள ஒரு பொட்டுக் கருப்புகூட மிச்சமில்லை. அவர் நிமிர்ந்தபோது அம்மாவைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை அந்த ஒரு பார்வையிலேயே படித்துவிட்டார். பிறகு கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். பின்னால் நின்ற வியாபாரிகளையும் பார்த்தார்.

“தேய்ச்சுட்டீங்களே, தங்கச்சி,” என்றார்.

அம்மா புரியாமல் நின்றாள். தேய்த்த காசுக்கு விலை கிடையாது என்று அவர் தணிந்த குரலில் விளக்கினார். அபூர்வமான காசு, இனிமேல் வெறும் வெள்ளியாகத்தான் எடுப்பார்கள், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம், தெரியாமல் செய்ததுதானே என்றார். வியாபாரிகள் உச்சுக் கொட்டினார்கள். அப்பாவின் பெயர் ஒரு கீறல்கூட விழாமல் தப்பித்தது. அவளும் தப்பித்தாள். தராசு காசை மகள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, வண்டி வந்துவிட்டதா பார்க்கலாம் என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அம்மா சமையலறைத் தரையில் போய் உட்கார்ந்திருந்தாள். இப்போது அழவில்லை. வலது கையை மடியில் விரித்து, யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முப்பது வருஷம் பொறுத்துட்டு,” என்றாள், “அரை மணி நேரத்துல நானே கெடுத்துட்டேனே.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அம்மா தன்னைத்தானே சபித்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடுவாள். அவளும் பக்கத்திலேயே இருந்து ஆறுதல் சொல்லிக்கொண்டு, இதே மூன்றாம் மாடியில், அதே நல்ல பெயரோடு இருந்துவிடலாம். பழகிய வேலைதான். ஆனால் இன்னொரு பொய்க்குக் காவல் இருக்க அவளால் ஆகாது.

மேஜையிலிருந்து லென்ஸை எடுத்துவந்தாள். அம்மாவைக் கைகொடுத்துத் தூக்கி ஜன்னலோரம் நிறுத்தினாள். அம்மா ஆயுளில் லென்ஸ் வழியாக எதையும் பார்த்ததில்லை. எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடினாள். அம்மாவின் ஒரு கண்ணை அவள் தன் விரலாலேயே மூடிப் பிடித்துக்கொண்டாள்.

“எழுத்துக்குக் கீழ பாரு.”

“புள்ளி புள்ளியா இருக்கு. பிரஷ் பட்டதா?”

“இல்லம்மா. செய்யும்போதே விழுந்தது. நெசமான காசுல அது இருக்காது.”

அம்மா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீழே வண்டி வந்து நின்றது. யாரோ படியேறத் தொடங்கினார்கள்.

“உங்கப்பாவுக்கு?”

“தெரியாது. நான் சொல்லல.”

“நீ எப்பப் பாத்த?”

“மேஜையில உக்காந்த முதல் வாரமே.”

அம்மா வருஷங்களைக் கூட்டிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. ஏல நிறுவனத்திலிருந்து வந்த கடிதத்தை அம்மாதான் அன்று படியேறிக் கொண்டுவந்து கொடுத்தாள். லென்ஸையும் காசையும் ஜன்னல் கட்டையில் வைத்தாள். திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

“நான் தேய்ச்சதாலன்னு தராசு அண்ணனே சொல்லிட்டாரு,” என்றாள் அம்மா. “அப்படியே விட்டிருக்கலாமே நீ.”

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

படி திரும்புகிற இடங்களில் அப்பா கிடந்த கட்டிலைச் சாய்க்க வேண்டியிருந்தது. சுவரில் இடிக்காமல் இறக்கத் தராசு முன்னால் நின்று வழி சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள், ஒவ்வொரு மாடியிலும் நின்று முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். வண்டியில் ஏற்றிச் சரிசெய்ய நேரம் ஆகும் என்றார்கள். அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே இரண்டு பேர் உட்கார இடம் கிடையாது. அவள் ஒரு படி மேலே, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அம்மா திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அவள் கால் வைத்துக்கொள்ள இடம் விட்டாள்.