நூற்றுப் பதினோரு முறை இறங்கிய ஆய்வகம்

அந்தப் பள்ளியின் வேதியியல் ஆய்வகம் இரண்டாம் மாடியிலிருந்து நூற்றுப் பதினோரு முறை தரைக்கு இறங்கி வந்திருக்கிறது. ஒரு சொட்டு அமிலம் சிந்தியதில்லை. நம்பாதவர்கள் ஆய்வக உதவியாளரைக் கேட்கலாம். நூற்றுப் பதினோரு முறையும் அதற்குள்ளேயே இருந்தவர் அவர். முதல் தடவை மட்டும்தான் கத்தினார்.

எல்லாம் சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவிக்காக. அவளைத் தினமும் நாற்பத்திரண்டு படி தூக்கிக்கொண்டு ஏறியவரும் அவரே. ஒருநாள் இருபத்தேழாம் படியில் இடுப்பு பிடித்துக்கொள்ள, இருவரும் அரை மணி நேரம் சிலை மாதிரி அப்படியே இருந்தார்கள். "போதும்ணே. நான் என்ன சிமெண்ட் மூட்டையா? இனிமே கீழயே இருந்துக்கிறேன்" என்றாள் அவள். செய்முறைத் தேர்வுக்குப் போகாவிட்டால் அந்த வருடமே வீண். ஆய்வகத்தைக் கீழே மாற்றக் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு மனு போனது. அவள் கால் இன்னும் சரியாகவில்லை என்பதற்கு வருடா வருடம் புதுச் சான்றிதழ் கேட்கும் அலுவலகம் அது. அங்கிருந்த அதிகாரி மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'ஒரு மாணவிக்காக ஆய்வகம் இறங்கி வராது.'

மனு திரும்பிய திங்கட்கிழமை காலை, உதவியாளர் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஆய்வக அறை, மேசை இழுப்பறை போல வெளியே நகர்ந்தது. அந்தரத்தில் சற்று யோசித்தது. பிறகு இறங்கி, அவளுடைய நாற்காலிக்கு நேரே வாசல் வரும்படி உட்கார்ந்தது. உதவியாளர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "என்னண்ணே, இன்னைக்கு லேட்டு?" என்று கேட்டபடி அவள் உள்ளே போனாள். நாலு மணிக்கு அறை மேலே போய்ச் சேர்ந்தது. ஒரே மாதத்தில் அது பழகிப்போய், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேலே காலியான இடத்தில் பகலில் குடியிருந்த புறாக்கள் மூன்றே முக்காலுக்கு ஒழுங்காக இடத்தைக் காலி செய்தன.

தேர்வன்று அதிகாரியே வந்தார். கட்டட வரைபடத்தில் கீழே ஆய்வகம் இல்லை. அதனால் கீழே நடக்கும் தேர்வு செல்லாது என்றார். "அறை இறங்குதாம்! காதுல பூ சுத்துறீங்களா? நானே உள்ள உக்காந்து பாக்கறேன்." நாற்பத்திரண்டு படி ஏறி, மூச்சு வாங்க ஒரு முக்காலியில் அமர்ந்தார்.

வழக்கமாக இறங்கும் ஒன்பது மணி அடித்தது. அறை அசையவில்லை. இன்று பார்த்தா காலை வாரும்? உதவியாளர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். முற்றத்தில் அவள் நாற்காலியை நிறுத்தி, ஹால் டிக்கெட்டை உயர்த்திக் காட்டினாள்.

அறை நகர்ந்தது.

"ஐயோ! யாருய்யா இதை ஓட்டுறது?" அதிகாரி உதவியாளரின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

"யாரும் இல்ல சார். அந்த ஜன்னலை மட்டும் சாத்துங்க, காத்து அடிக்கும்."

கதவு திறந்ததும் அவள் உள்ளே வந்தாள். "வணக்கம் சார். இப்படி வேர்த்திருக்கே, படியேறினீங்களா?"

அவள் அமிலத்தை அளந்தாள்; கடைசிச் சொட்டில் நிறம் மாறியது. அதிகாரி பழைய மனுவைக் கேட்டு வாங்கினார். தன் சிவப்பு வரிக்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'இறங்கி வந்தது. நானும் அதில்தான் வந்தேன்.'