லாஸ்லோ ராஜாவின் கல்காசு

எங்கள் மலையில் காசு கொட்டிக் கிடக்கிறது, ஆனால் அத்தனையும் கல். அந்தக் காலத்தில் தப்பியோடிய எதிரிகள் பொன்னை இறைத்துக்கொண்டே ஓடினார்களாம். நம் வீரர்கள் துரத்துவதை விட்டுவிட்டுப் பொறுக்கக் குனிந்தார்களாம். புனிதரான எங்கள் லாஸ்லோ ராஜா கடவுளை வேண்டிக்கொள்ள, பொன்னெல்லாம் கல்லாகிவிட்டது. மழை பெய்தால் வட்ட வட்டமாக மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும்.

துருக்கியரோடு சண்டைக்குக் கிளம்பியபோது என் புருஷன் ஆம்ப்ரூஷ் அந்தக் கல்காசில் ஒன்றை என் கையில் வைத்தான். "பத்திரமா வெச்சிரு புள்ள. நானே வந்து வாங்கிக்கிறேன்."

மூன்று வருஷம் ஆயிற்று. நிக்கோபோல் கோட்டையடியில் படை அழிந்தது என்றார்கள். அவன் செத்தானா, இருக்கிறானா, சொல்ல ஆளில்லை. தினமும் மலையேறி, பாதை தெரியும் பாறையில் உட்காருவேன். சில நாள் மூடுபனிக்குள் அவன் நடந்து வருவான். பனி விலகினால் வெறும் பாதைதான் இருக்கும்.

அன்று காலையும் ஏறினேன். பாழடைந்த கரிச்சூளைக் குடிசையில் புகை வந்துகொண்டிருந்தது. ஆட்டுக்காரன் எவனாவது தங்கியிருப்பான் என்று நினைத்தேன். என் பாறைமேல் ஒரு பொற்காசு கிடந்தது. ஒரு பக்கம் ராஜமுத்திரை, மறுபக்கம் போர்க்கோடரியோடு லாஸ்லோ ராஜாவே நிற்கிறார். அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு இறங்கினேன்.

"கல்லு மறுபடி பொன்னாயிடுச்சுடி!" என்று அலறினாள் பக்கத்து வீட்டு வெரோனா. கோயில் மணி அடித்தார்கள். பாதி ஊர் மலைக்கு ஓடிக் கல்லையெல்லாம் புரட்டியது. பாதிரியார் காசை ஏந்திக்கொள்ள ஒரு வெள்ளைத் துணியோடு என் வாசலில் வந்து நின்றார்.

"ராஜா உனக்குச் சேதி சொல்லிட்டாரும்மா. உன் புருஷன் மோட்சத்துல இருக்கான். காசைக் கோயிலுக்குக் குடுத்துடு."

காசை மூடிய என் கை விரியவில்லை.

"அடுப்புல கஞ்சி கெடக்கு சாமி, கிளறிட்டு வரேன்."

மரக்கரண்டியை எடுத்தேன். பசி வந்தால் ஆம்ப்ரூஷ் அதன் காம்பைக் கடித்துக்கொண்டு நிற்பான். எத்தனை திட்டினாலும் கேட்கமாட்டான். காம்பில் அவன் பல்தடம் அப்படியே இருக்கிறது: இரண்டு பள்ளம், நடுவே உடைந்த பல்லின் சாய்ந்த கீறல். காசின் ஓரத்திலும் ஏதோ நெருடியது. காம்போடு சேர்த்துப் பிடித்தேன். அதே இரண்டு பள்ளம், அதே கீறல்.

கரிச்சூளைப் புகை அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்வாசல் வழியாக ஓடினேன்.

குடிசை மூலையில் எலும்பும் தாடியுமாக அவன் உட்கார்ந்திருந்தான். சட்டையின் வலது கை காலியாகத் தொங்கியது.

"ஏன்யா ஒளிஞ்சு கெடக்க?"

"ஏர் பிடிக்க முடியாதவன் உனக்கு எதுக்கு புள்ள? எங்க படைத்தலைவரு சாகறப்போ குடுத்த காசு அது. ராஜா குடுத்ததுன்னு நெனச்சு நீ பொழைச்சுக்குவேன்னு வெச்சேன்."

"கடிச்சுப் பாத்துட்டுத்தான் வெச்சியாக்கும்?"

"நல்ல பொன்னான்னு பாக்க வேணாமா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தேன். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து அந்தக் கல்லை எடுத்தேன்.

"நானே வந்து வாங்கிக்கிறேன்னு சொன்னியே. கையை நீட்டு."

அவன் இடது கையை நீட்டினான்.