ராஜாவுக்குப் பொன்னாடை

ஓசூர் நாடகக் குழு போட்ட புதிய சரித்திர நாடகத்தில் மாதேஸ்வரிக்கு ராணி வேடம். பகலில் கம்பெனியில் ஒயர் கோக்கிறவள், ஒரு மாதமாக ஷிப்ட் முடிந்து வந்து ஒப்பாரிக் காட்சியை ஒத்திகை பார்த்திருந்தாள். ராஜாவாகப் பர்கூர் கிரானைட் அதிபர் குருமூர்த்தி. நடிக்கத் தெரியும் என்பதற்காக அல்ல. மேடை, பந்தல், மைக் எல்லாம் அவர் உபயம். ஒத்திகைக்கு வந்த இரண்டு நாளும் செல்போனில்தான் வசனம் பேசினார்.

போர்க்களத்தில் எதிரித் தளபதி குத்த, கைக்கடிகாரம் கழற்றாத ராஜா ஒருவழியாகச் செத்தார். மாதேஸ்வரி அந்தத் தலையை மடியில் தூக்கி வைத்து, "என் சாமீ..." என்று தொடங்கினாள். அதற்குள் மைக் கரகரத்தது.

"மன்னராகவே வாழ்ந்து காட்டிய அண்ணன் குருமூர்த்திக்கு வேப்பனப்பள்ளி மாங்காய் மண்டி அதிபர் பொன்னாடை போர்த்துகிறார்!"

பிணம் விருட்டென்று எழுந்தது. கும்பிட்டது. போட்டோவுக்குப் பல்லைக் காட்டியது. வரிசையில் நின்ற ஏழு பேரும் போர்த்தி முடித்த பிறகு, சால்வைகளை வயிற்றோடு அணைத்தபடி மறுபடி அவள் மடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"ம், அழு புள்ள," என்றது.

மாதேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஜென்மத்துக்கு ஒப்பாரி ஒரு கேடா? தலையைப் பொத்தென்று கீழே விட்டுவிட்டு எழுந்தாள். கீழே கிடந்த வாளை எடுத்து, மேடையோரம் விழித்துக்கொண்டு நின்ற எதிரித் தளபதியின் கையில் திணித்தாள். மைக்குக்கு நேராக நின்று சொன்னாள்:

"இந்தாங்கண்ணா, இன்னொரு வாட்டி குத்துங்க. இந்த வாட்டி நல்லா ஆழமா குத்துங்க."