இருபது வீட்டுக்கு ஒரு வயிறு

"உலகத்தில் பொய் சொல்லத் தெரியாத இனம் ஒன்றே ஒன்று உண்டு. அது விஞ்ஞானி. அந்த இனத்தை நெய்யாற்றின்கரை தாலுகாவில் முதன்முதலாகப் பிறப்பிக்கப் போகிறவன் நான்."

இதைச் சொன்னபோது விஜயதாஸ் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், பாறசாலை சபைக்கூடத்தின் பின்னறையில், நான்கு பி.எஸ்ஸி. பட்டதாரிகளின் முன்னிலையில் அந்த இனம் சுகமாகப் பிறந்தது.

மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி நிலையம். மருத்துவ உயிரியலில் டாக்டர் பட்டம் படிக்க, இதுவரை அந்தப் படியை மிதித்தே இராத வகுப்புகளைச் சேர்ந்த எல்லைத் தாலுகாப் பட்டதாரிகளுக்கென்று ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு நாங்கள் பொருத்தமானவர்கள். எங்கள் நால்வரின் தகப்பன்மாரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் தாணுமாலயனின் அப்பா ஒருவர்தான். அவரும் கடனுக்கு மட்டுமே போடுவார். எங்களைத் தயார் செய்தவர் எம்.எஸ்ஸி. படித்த விஜயதாஸ். அதே இடத்துக்கு எங்களோடு போட்டியிட்டவரும் அவர்தான். இதில் ஏதும் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

எங்களில் சுகிர்தபாய்க்குத்தான் அந்த இடம் கட்டாயம் வேண்டியிருந்தது. கிடைத்தால் மெட்ராஸ். கிடைக்காவிட்டால், களியக்காவிளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும், மனைவியை இழந்த ஒருவர் தயாராக இருந்தார்.

தேர்வாளர் நேரில் வருவார். ஒவ்வொருவரும் தாமே செய்த ஓர் ஆராய்ச்சியைக் காட்ட வேண்டும். விஜயதாஸ் கொக்கிப்புழுவைத் தேர்ந்தெடுத்தார். ஆளுக்கொரு ஊர், ஊருக்கு இருபது வீடு. வீட்டுக்கு ஒரு காலித் தீப்பெட்டியைக் கொடுத்து, மறுநாள் காலை அதை நிறைந்த பெட்டியாக வாங்கி வர வேண்டும். எதனால் நிறைந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு மைக்ராஸ்கோப்பில் புழுமுட்டைகளை எண்ண வேண்டும்.

எங்கள் தாலுகாக்கள் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்ற எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடம் அது. சுவர்களில் தமிழ், அதன்மேல் மலையாளம், அதன்மேல் மறுபடியும் தமிழ். எங்கள் ஊர்களில் எந்த பாஷையில் கேட்கிறார்களோ அந்த பாஷையில் பதில் சொல்வதுதான் மரியாதை. ஆகவே நாக்கை நம்பிப் பயனில்லை என்று கண்ட சர்க்கார், எல்லை போடுவதற்காக வயிற்றைக் கணக்கெடுக்கிறது என்று பேச்சுப் பரவியது. பொழியூரில் ஒருவர் தமிழ்ப் பக்கத்துக்குப் பலம் சேர மூன்று பெட்டி நிறைத்துக் கொடுத்தார். வாசலில் மலையாளமும் அடுக்களையில் தமிழும் பேசும் ஒரு குடும்பம் பாஷைக்கு ஒன்றாக இரண்டு கொடுத்தது.

சுகிர்தபாய்க்குக் கிடைத்த ஊர் பனச்சமூடு. இரண்டு பக்கத்து ஆட்களிடமும் வியாபாரம் செய்து பிழைக்கும் சந்தி. எந்தப் பக்கம் எண்ணப்பட்டாலும் மறுபக்கம் கடையை உடைக்கும் என்று பயந்து அங்கே ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை. ஒரு வாரம் நடந்தாள். கடைசி நாள் ஒரு வீட்டில் மீன் கழுவிய தண்ணீரை அவள் மேல் கொட்டினார்கள். மறுநாள் இருபது பெட்டியும் நிறைந்து வந்தன.

மைக்ராஸ்கோப்பில் முதல் கண்ணாடிச் சில்லைப் பார்த்து விஜயதாஸ் பாராட்டினார். ஐந்தாவதில் பாராட்டு நின்றது. இருபதையும் பார்த்து முடித்துவிட்டு எங்களை அழைத்து, ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னார். எல்லாவற்றிலும் அதே கூட்டம், அதே நெரிசல்.

"பனச்சமூட்டுல இருபது வீட்டுக்கும் சேத்து ஒரு வயிறாக்கும் உள்ளது, இல்லியா மக்கா?"

சுகிர்தபாய் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பாவுக்கதாக்கும்."

விஜயதாஸ் மறுபடி குனிந்து, திருகைச் சரிசெய்து, நிதானமாகப் பார்த்தார். "இது அப்பன் இல்ல. பூச்சிக்கு ஹாஸ்டலாக்கும்."

நாங்கள் சிரித்தோம். தாணுமாலயன் கூடுதலாகச் சிரித்தான். அவனுடைய பெட்டிகளை இன்னும் யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை. ஐக்கிய கேரளம் கேட்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவளுக்கு 'ஐக்கிய வயிறு' என்று பெயர் வைத்தோம். பெயர் எங்களைவிட வேகமாகக் களியக்காவிளைக்குப் போய்ச் சேர்ந்தது. பலசரக்குக் கடைக்காரர் சீதனத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்.

அவளை வகுப்பிலிருந்து நீக்கினார் விஜயதாஸ். போகும்முன் இருபது கண்ணாடியையும் கழுவி வைக்கச் சொன்னார். கழுவி வைத்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அப்பாவுக்கு நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது, அலமாரியில் இருக்கும் பூச்சி மருந்தில் கொஞ்சம் வேண்டும் என்றாள்.

"மருந்து நேர்மையான சாம்பிளுக்காக்கும்," என்று அலமாரியைப் பூட்டினார் விஜயதாஸ். "கள்ளச் சாம்பிளுக்கு மருந்து குடுத்தா பொறவு சயின்ஸு எதுக்கு?"

ஆகஸ்டில் போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பஸ் நின்றது, கடை அடைத்தது, வீடு வீடாகப் போலீஸ் புகுந்தது. அந்த வாரம் பார்த்துத்தான் மெட்ராஸிலிருந்து தந்தி வந்தது. தேர்வாளர் திருவனந்தபுரம் வந்துவிட்டார். மறுநாள் காலை காரில் வருகிறார். முட்டைகள் ஓரிரு நாளில் பொரிந்துவிடும் என்பதால் புதிய சாம்பிள்களை மட்டுமே பார்ப்பார்.

கணக்கெடுக்க விஜயதாஸ் தமக்கு வைத்துக்கொண்ட ஊர் பொழியூர். சைக்கிளில் போனார். போலீஸுக்குப் பயந்து ஆண்கள் வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலில் கிடந்தார்கள். பெண்கள் கதவைத் திறக்கவில்லை. இருபது பெட்டியும் காலியாகத் திரும்பின. பிறகு அவர் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்து, ஒரு கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு முட்டைகூட இல்லை. சொந்த வயிறே காட்டிக்கொடுத்துவிட்டது போல நிமிர்ந்தார்.

என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டார். பெட்டிகள் என் மடியில். எங்கே என்று சொல்லவில்லை. சந்தைக்குப் பின்னால், சுகிர்தபாய் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

அவள் வீட்டில் இல்லை. பின்கதவைத் திறக்கும் கடை ஏதாவது அகப்பட்டால் அரிசி வாங்கலாம் என்று போயிருந்தாள். அவள் அப்பா ரெத்தினதாஸ் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். தோலுரித்த மரச்சீனிக் கிழங்கின் வெளிறிய நிறம். எங்களைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டாவது முயற்சியில்தான் முடிந்தது.

விஜயதாஸ் அவரை மாமா என்று அழைத்தார். பெரிய சார் நாளை வருகிறார், இன்னும் ஒரே ஒரு தடவை உதவி வேண்டும் என்றார்.

"பிள்ளைக்க காரியமா சாரே?"

விஜயதாஸ் தலையை ஆட்டினார். எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"மக ஒரு மருந்து உண்டும்னு சொன்னா."

"அது பொறவு, மாமா. இப்பம் குடுத்தா பூச்சி போயிரும்லா."

ரெத்தினதாஸ் கொஞ்சம் யோசித்தார். விஷயம் புரிந்ததும் முகம் தெளிந்தது.

"அவளுக்கு இடம் கிட்டும்னா, இன்னும் ரெண்டு நாள் வச்சிருக்கேன் சாரே. ஒண்ணும் பயப்படாண்டாம்."

ஒரு வாழையிலைக் கீற்றை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மரச்சீனித் தோட்டத்துக்குள் போனார். திரும்பி வரும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். விஜயதாஸ் ஓடிப்போய் முதலில் இலையை வாங்கினார், பிறகு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

கிணற்றுக்கு அப்புறம், பலா மரத்தின் மறைவில், இருபது பெட்டிகளும் வரிசையாக நின்றன. விஜயதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தியிருந்து, ஒரு தென்னை ஈர்க்கிலால் சிந்தாமல் பங்கு வைத்தார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் பென்சிலால் பொழியூர்க்காரர் ஒருவரின் பெயரை எழுதினார்: தங்கப்பன், ஈசாக், ஆனந்தபாய், சோமன். எழுதி முடித்ததும் வரிசையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோல் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நான்கு பெட்டிகளை மறுபடி திறந்து, கொஞ்சம் மண்ணை எடுத்துக் கலக்கத் தொடங்கினார்.