மரியநேசன் அண்ணையின் ஒரு பாகம்

12.03.1998, வியாழன்
உடையார்கட்டு

ஒரு சிறு பிழை விட்டுவிட்டேன். ஒரு குடும்பத்தையே குட்டைக் கையர்களாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மார்கிறட் அன்ரியின் மகன் வின்சன் கனடாவில் இருக்கிறான். எலும்பையும் தசையையும் சேர்த்துப் பிடிக்கும் தொடுப்பிழையத்துக்குரிய பரம்பரை அலகில் அவனுக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். அது நோயா, வெறும் குடும்பச் சாயலா என்று வைத்தியர்களுக்கே தெரியவில்லை. தெரியும்வரை அவன் கரப்பந்து விளையாடக் கூடாதாம். உயரத்தைவிடக் கைவிரிப்பு நீண்ட உறவினர் ஊரில் இருக்கிறார்களா என்று அளந்து அனுப்பச் சொன்னார்கள். நான் மாலை வகுப்பில் உயிரியல் படிப்பதால் வேலை எனக்கு வந்தது. எனக்குத் தகுதி உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அட்டவணை கீறினேன்.

உயரத்தைச் சுவரில் அடிமட்டக் கோலால் அளந்தேன். கைக்கு அது சரிவரவில்லை, நழுவி நழுவி விழுந்தது. ஆகவே அன்ரி வீட்டு வலைக்கயிற்றை எடுத்தேன். அதில் பாகத்துக்கொரு முடிச்சு. ஒரு பாகம் என்றால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம், கணக்குக்கு ஆறடி. அதைப் பன்னிரண்டாக மடித்து, அரை அடிக்கு ஒரு கரிக்கோடு போட்டேன். கவனமாகத்தான் போட்டேன்.

ஏழு பேரை அளந்தேன். ஆறு பேருக்குக் கை குட்டை. அன்ரியின் தம்பி மரியநேசன் அண்ணைக்கு மட்டும் உயரமும் கையும் ஆறடி, சரிசமம். மத்தியானம் அட்டவணையை, வவுனியாவில் கனடாவுக்குத் தபாலில் போடச் சொல்லிக் கோயில் பாதரிடம் கொடுத்தேன். புதிய குறைபாடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேனோ என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வகுப்பு முடிந்து வந்து என்னையும் அளந்து பார்த்தேன். எனக்கும் ஐந்தரை அங்குலம் குறைவு. நான் அந்தக் குடும்பமே இல்லை. தொற்றிவிட்டதோ என்று பயந்து கொப்பியைப் புரட்டினேன். பரம்பரைக் குறைபாடு தொற்றாது என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

அன்ரியிடம் ஓடினேன்.

“அன்ரி, இந்தக் கயிறு ஆர் அளந்தது?”

“வேற ஆர், நேசன்தான். கயிறு வாங்கப் போனால் எல்லாரும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போறவை. அவனைக் கண்டாலே கடைக்காரச் சிற்றம்பலம் கதவைச் சாத்துறார்.”

“ஏன்?”

“ஏனெண்டோ? அவன் கையை விரிச்சால் கயிறு முடியாதெல்லோ!”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணை நிமிர்ந்தார். “நான் என்ன செய்ய, பிள்ளை? கர்த்தர் தந்த கை. முதலாளி தன்ர கையால அளக்கட்டுமன் எண்டால், அவற்ற கை வயித்தைத் தாண்டி வராதாம்.”

முடிச்சுக்கு முடிச்சு அடிமட்டம் வைத்தேன். ஆறடி ஏழங்குலம்! அண்ணையின் கையை அண்ணையின் கையாலேயே அளந்து, வழமையான அளவு என்று எழுதியிருக்கிறேன். வைத்தியர்கள் தேடும் ஆளே அவர்தான்.

“உம்மட வகுப்பில இதுதானோ படிப்பிக்கினம்?” என்றார் அண்ணை.

“அப்ப என்ர பிள்ளை பந்தடிக்கலாமோ, கூடாதோ?” என்று அன்ரி கேட்டா.

“எனக்குத் தெரியாது, அன்ரி. அந்த அட்டவணை போனால் டொக்டர்மாரும் பிழையாத்தான் சொல்லுவினம்.”

பாதர் நாளை ஒன்பது மணிக்கு வவுனியாவுக்குப் புறப்படுகிறார்.

நாளை: ஆறு மணிக்குக் கோயிலடிக்குப் போய் அட்டவணையைத் திருப்பி வாங்க வேண்டும். ஏழு பேரையும் சுவரோடு நிறுத்தி, அடிமட்டத்தால் கையை அளக்க வேண்டும். முதலில் மரியநேசன் அண்ணை.